அத்தை சொன்ன வயது

படம் திரையில் முழுதாக விரிவதற்கு முன்பே எண் வந்துவிட்டது.

வழக்கமாக இருபது விநாடி ஆகும். அந்த இருபது விநாடியில் தூரிட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வாள், ஆறிப்போன காபியில் ஒரு வாய் குடிப்பாள், நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொள்வாள். இன்று கண்ணாடியைக் கழற்றக்கூட நேரமில்லை. விரல் நுனிகள்தான் மேலிருந்து வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தன, மணிக்கட்டு இன்னும் இருட்டில் கிடந்தது, அதற்குள் திரையின் மூலையில் பச்சை எழுத்து வந்து நின்றது. பதினெட்டு வருடம், நான்கு மாதம். தெருவில் தெரிந்தவரைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமே, அந்த வேகம்.

"என்ன அவசரம் உனக்கு இன்னைக்கு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

இரண்டரை வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்கு வந்துசேர்ந்த செயற்கை நுண்ணறிவுக் கருவி அது. கை எக்ஸ்ரேயைக் காட்டினால் எலும்பைப் பார்த்து வயது சொல்லும். கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் வயதைக் கேட்டு மானத்தை வாங்கும் உறவுக்காரி எல்லாக் குடும்பத்திலும் உண்டு அல்லவா. அலுவலகச் செயலாளர் பெரித் அந்த நினைப்பில்தான் அதற்கு அத்தை என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அத்தையிடம் இரண்டு வகையான ஆட்கள்தான் வருவார்கள். கையில் காகிதமில்லாமல் எல்லை தாண்டி வந்து, தனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்று சொல்லும் பிள்ளைகள் ஒரு வகை. பெயர் தெரியாமல் கிடைத்த பிணங்கள் இன்னொரு வகை.

இன்று வந்தது இரண்டாம் வகை. முந்தைய நாள் மீன்படகுக்காரர்கள் கடல்நீரிலிருந்து எடுத்த உடல். பக்கத்து அறையில் இருந்தது. கதவு சாத்தியிருந்தும் உப்பும் பாசியும் கலந்த ஈர வாடை அடியிடுக்கு வழியே வந்து தூரிட்டின் கம்பளிச் சட்டையில் ஏறியிருந்தது. குளிர்ப்பெட்டியின் மோட்டார் விட்டு விட்டு முனகியது. காலை ஒன்பது மணி, வெளியே கும்மிருட்டு. துருவத்தை ஒட்டிய இந்த ஊரில் நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன் இன்றுதான் திரும்பி வருகிறது. நண்பகலில், நாலைந்து நிமிடம், தெற்கே மலையிடுக்கில் தலையைக் காட்டும். அதைப் பார்க்க ஊரே மலையேறும். பள்ளிக்கூடத்தில் பாடம் கிடையாது. பிள்ளைகளைப் பனிச் சறுக்குக்கட்டைகளோடு மலைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள்.

தூரிட்டின் மகள் வில்யாவும் போயிருக்கிறாள். தூரிட்டும் போயிருக்கவேண்டியவள்தான். ஸ்டைனார்தான் கடைசி நேரத்தில் வேலை முறையை மாற்றிக்கொண்டான். "நான் வில்யாவைக் கூட்டிட்டுப் போறேன், நீ இன்னைக்கு ஒருநாள் இருந்துக்கோயேன்" என்று முந்தாநாள் கேட்டான். அவன் இந்தப் பிரிவின் தலைவன், படிக்கிற காலத்திலிருந்து நண்பன், வில்யாவுக்கு ஞானத்தகப்பன். பெற்ற தகப்பன் தெற்கே வேறு குடும்பத்தோடு இருக்க, பல் விழுந்தாலும் காய்ச்சல் வந்தாலும் முதலில் வந்து நிற்பவன் ஸ்டைனார்தான். அவனுக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

படம் முழுதாக இறங்கியது. மணிக்கட்டு எலும்பின் முனையில் கோடு இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு அங்கே கருப்பாக ஒரு கோடு ஓடும். வளர்ச்சி நிற்க நிற்க மூடிக்கொண்டே வரும். இவனுக்கு ஏறக்குறைய மூடிவிட்டது. பதினெட்டு நான்கு என்றால் சரிதான். அத்தை சொன்னதில் தப்பில்லை.

அப்புறம்தான் மோதிர விரலின் அடியில் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். கடுகளவு, பளீரென்று வெள்ளை. எலும்பு இவ்வளவு வெளுப்பாக இருக்காது. உலோகத் துணுக்கு.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

உடனே யோசிக்கப் பிடிக்காமல் எழுந்து மாடியிலிருந்த ஓய்வறைக்குப் போனாள். அங்கே பெரித் சூரிய பன்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரை தூவி, உள்ளே சிவப்புப் பழக்கூழ் வைத்த பன். இந்த நாளில் அதைத் தின்னாமல் இருந்தால் இந்த ஊர்க்காரர்களே இல்லை.

"வெயில் வர்றதுக்கு முன்னாடி கையை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் பெரித்.

"காபிக்குத்தான் வந்தேன்."

"நீ எதுக்கு இங்க கிடக்கிற? பொண்ணு மலையில இருக்கு, நீ பிணத்தோட இருக்கிற. ஸ்டைனாருக்கு என்ன வந்துச்சு, எப்பவும் உன்னைத்தானே அனுப்புவான்?"

"அவனுக்கும் வெயில் பாக்க ஆசை இருக்காதா?"

பெரித் ஒரு பன்னைத் தனியே எடுத்து, சுவரிலிருந்த படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தாள். போன வருடச் சூரிய நாளில் எடுத்த படம். மலையின் பனிச்சரிவில் ஊழியர்களின் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் வாய் நிறைய பன்னோடு பெரித்தின் மகன் ஸ்யூர். படம் எடுத்த மூன்றாம் நாள் அவனுடைய பனி ஸ்கூட்டர் ஏரிப்பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வயது பதினேழு.

தூரிட் பெரித்தின் தோளில் கை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். இரண்டு மாதம் கழித்து வந்த வெயில் என்பதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னால் நிழல் கறுப்பாக, நீளமாக, பனைமர உயரத்துக்கு நீண்டு கிடந்தது. ஸ்யூருக்குப் பின்னால் மட்டும் பனி வெள்ளையாக இருந்தது. பக்கத்துப் பையனின் நிழலோடு கலந்திருக்கும் என்று நினைத்தாள். காபியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

படியில் பாதி இறங்கும்போது பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. ஜவாத்.

இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு முன்பு, இதே போன்ற ஓர் இருட்டுக் காலையில், இதே அறையில் எக்ஸ்ரே தட்டின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆப்கன் பையன். எட்டு வயதில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தபோது தெறித்த இரும்புத் துணுக்கு விரலிலேயே தங்கிவிட்டது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னான். தனக்குப் பதினாறு வயது இரண்டு மாதம் என்றான். "எங்கம்மா நான் பொறந்த தேதியைத் துணியில தைச்சு வெச்சிருந்தாங்க. அம்மா பொய் சொல்ல மாட்டாங்க," என்றான். தூரிட் அவன் எலும்பைப் பார்த்தாள். கோடு நன்றாகத் திறந்திருந்தது. பதினாறுதான்.

விதி என்னவென்றால், இரண்டு பேர் தனித்தனியாகப் படத்தைப் பார்த்து, வயதைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான் அத்தையின் எண்ணைத் திறக்கவேண்டும். தூரிட் பதினாறு என்று எழுதினாள். உறையை ஒட்டவில்லை. பசை தீர்ந்திருந்தது, அவசரம் வேறு, யாரும் அப்போதெல்லாம் ஒழுங்காக ஒட்டுவதுமில்லை. அத்தை பதினெட்டு நான்கு என்றாள். ஸ்டைனார் அவள் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "உனக்கு அவன் மூஞ்சியைப் பாத்துப் பாவமா இருக்கு. அத்தைக்கு மூஞ்சி தெரியாது. தாளை மாத்தி எழுதிடு, ஒரு தலைவலி மிச்சம்." அவள் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு ஆகிவிட்டதால் ஜவாத்தைப் பெரியவர்களின் முகாமுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பாள்.

அறைக்கு வந்து பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். அதே துணுக்கு. அதே வளைந்த சுண்டுவிரல். பழையதில் கோடு திறந்திருக்கிறது, புதியதில் மூடியிருக்கிறது. இடையில் எலும்பு இரண்டு வருடம் வளர்ந்திருப்பது கண் இருக்கிற யாருக்கும் தெரியும். இரண்டு படத்துக்கும் கீழே அத்தையின் எண் ஒன்றேதான்.

பதினெட்டு, நான்கு.

பதினெட்டு, நான்கு.

அன்றைக்கு அத்தை சொன்னது சரியென்றால் இன்றைக்கு இருபதரை ஆகியிருக்கவேண்டும். இன்றைக்குச் சொன்னதுதான் சரியென்றால் அன்றைக்கு அவன் பதினாறு. அம்மா பொய் சொல்லவில்லை. பொய்யில் கையெழுத்துப் போட்டது தூரிட். ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சிக்குக் கீழே வேறு ஏதோ ஒன்று, குளிராக, மெதுவாக நகர்ந்தது. சாகப்போகிற வயதை, சாவதற்கு இரண்டு வருடம் முன்பே இது எப்படிச் சொன்னது?

ஸ்டைனாரைப் போனில் கூப்பிட்டாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சலும் காற்றும் கேட்டன.

"நேத்து வந்த உடம்பு ஜவாத்," என்றாள்.

அவன் யார் ஜவாத் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். வருடத்துக்கு நூறு கை பார்க்கிறார்கள்.

"அதை அப்படியே விடு, தூரிட். நாளைக்குப் பேசுவோம்."

"ரெண்டு படத்துக்கும் அத்தை ஒரே வயசு சொல்லுது, ஸ்டைனார். நாம பரிசோதனை பண்ணப்போ இந்த மாதிரி தப்பு எதுவும் வந்துச்சா? எல்லாம் சரியா வந்துச்சுன்னுதானே சொன்ன?"

"நாளைக்குன்னு சொல்றேன்ல." கூட்டத்தை விட்டு விலகிப் பனியில் நடக்கும் சத்தம். "இன்னைக்கு வேணாம். தயவு செஞ்சு இன்னைக்கு வேணாம்."

போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது முறை போனை அணைத்துவிட்டிருந்தான்.

குளிர்ப்பெட்டியின் மோட்டார் நின்றது. அது நின்ற பிறகுதான் அறையில் அத்தையின் விசிறிச் சத்தம் கேட்டது. மெல்லிய, சீரான சத்தம், யாரோ மூக்கால் மூச்சு விடுவதைப் போல.

அவள் ஸ்டைனாரின் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அவன் கடவுச்சொல்லைப் பத்து வருடமாக மாற்றியதில்லை என்று அவளுக்குத் தெரியும். வில்யா பிறந்த தேதி. ஜூன் இருபத்தொன்று. அதைத் தட்டினாள்.

அத்தையைப் பழக்கியது இறந்தவர்களைக் காட்டித்தான். அது அப்போதே எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக் காரணமில்லாமல் எக்ஸ்ரே எடுக்க அனுமதி வாங்குவது பெரிய பாடு. இறந்த பிள்ளைகளின் படங்களோ பக்கத்து அறையில் வருடக்கணக்கில் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் வயது எழுதியிருந்தது. செத்தபோது என்ன வயதோ அது. அதைப் பார்த்துத்தான் அத்தை படித்தாள். பழகி முடித்ததும் உயிருள்ள கைகள் கொஞ்சம் தேவைப்பட்டன. ஸ்டைனார் டுக்னாட் அறிவித்தான். ஊர் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கு இங்கே அப்படித்தான் பெயர். டுக்னாட் என்று கூப்பிட்டால் காய்ச்சல்காரனும் எழுந்து வருவான், வராதவன் முகத்தில் ஊர் விழிக்காது. ஊழியர்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து கையை எக்ஸ்ரே தட்டில் வைக்கச் சொன்னார்கள். பெரித் அப்பம் சுட்டாள். ஸ்யூருக்கு அப்போது பதினாறு. வில்யாவுக்கு எட்டேகால். "கூசுது அம்மா" என்று சிரித்தாள் வில்யா. "எல்லாருக்கும் சரியா சொல்லிடுச்சு, ரெண்டு மாசத்துக்கு மேல வித்தியாசமே இல்ல" என்று ஸ்டைனார் சாயங்காலம் வந்து சொன்னான். அத்தையை எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

அவனுடைய கோப்புகளுக்குள் 'தனியே எடுத்தவை' என்று ஒன்று இருந்தது.

இருநூற்றுச் சொச்சம் கைகளில் அத்தை தப்பாகச் சொன்னவை மட்டும். ஐந்தே பெயர்கள். பிற்பாடு நடுவில் சேர்த்த ஜவாத்தோடு ஆறு. எல்லாத் தப்பும் ஒரே பக்கம். எல்லோருக்கும் வயதைக் கூட்டித்தான் சொல்லியிருந்தது. பெயருக்கு எதிரே நிஜ வயது, அத்தை சொன்ன வயது, அதற்கும் அடுத்து ஸ்டைனார் தானே ஒரு தேதி போட்டிருந்தான். சில தேதிகளுக்குப் பக்கத்தில் சரி அடையாளம்.

முதல் இரண்டு பெயர்கள் அவளுக்குத் தெரியாது. இரண்டுக்கும் சரி அடையாளம்.

ஸ்யூர். நிஜ வயது பதினாறு. அத்தை சொன்னது பதினேழு நான்கு. போன வருடம் ஜனவரி இருபத்து நான்கு. சரி அடையாளம்.

ஜவாத். அந்த இடத்தில் அவளுடைய பழைய தாளையே படமெடுத்து ஒட்டியிருந்தான். மாற்றி எழுதுவதற்கு முன் அவள் எழுதிய பதினாறு, அவள் கையெழுத்திலேயே. ஓரத்தில் 'தூரிட் சொன்னதுதான் சரி' என்று ஒரு வரி. எழுதிய தேதி போன வருடம் பிப்ரவரி. அப்போது ஜவாத் உயிரோடு இருந்தான். முகாமில் இருந்தான். ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். அவனுக்குப் போட்டிருந்த தேதி இந்த ஜனவரி பதினான்கு. சரி அடையாளம் நேற்று மாலை விழுந்திருக்கிறது.

ஐந்தாவது பெயருக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது.

ஆறாவது பெயரைப் படித்தாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

வில்யா. நிஜ வயது எட்டு மூன்று. அத்தை சொன்னது பத்து ஏழு.

ஜூன் இருபத்தொன்றில் பிறந்தவளுக்கு, பத்து வருடம், ஏழு மாதம். அவள் விரல்விட்டு எண்ணினாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். எண்ணத் தேவையே இல்லை. ஸ்டைனார் ஏற்கெனவே எண்ணியிருந்தான். பக்கத்திலேயே தேதி இருந்தது. ஜனவரி இருபத்தொன்று.

இன்று.

சரி அடையாளம் இல்லை.

அப்போதுதான் சறுக்குக்கட்டைகள் நினைவுக்கு வந்தன.

இந்த ஊரில் பிள்ளைகளுக்கு எதையும் அளவாக வாங்கமாட்டார்கள். சட்டை கை மறைக்கும், பூட்ஸுக்குள் இரண்டு காலுறை போடவேண்டும், சறுக்குக்கட்டை தலைக்கு மேல் நிற்கும். அடுத்த வருடமும் ஆகவேண்டும், அதற்கடுத்த வருடமும் ஆகவேண்டும். வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்து வாங்குகிறவனை ஊரில் பைத்தியம் என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஸ்டைனார் வில்யாவுக்கு வாங்கி வந்த கட்டைகள் அச்சாக அவள் அளவு. ஒரு விரல்கடைகூட மிச்சமில்லை. தூரிட் கேலி செய்தாள். "பிள்ளை இல்லாதவன் வாங்கினா இப்படித்தான். அடுத்த வருஷம் இது பல்லு குத்தத்தான் ஆகும்." அவன் கட்டையின் பட்டையை வில்யாவின் பூட்ஸோடு மாட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"இந்த வருஷம் நல்லா சறுக்கட்டும். போதும்."

போதும் என்றான். அவள் சிரித்தாள். அவனுக்கு இன்னொரு கோப்பை மது ஊற்றிக் கொடுத்தாள்.

எப்படிப் படியேறினாள் என்று தெரியவில்லை. பெரித் ஏதோ கேட்டாள். பன்னின் சர்க்கரை வாசனை. சுவரில் படம், ஸ்யூர், அவனுக்குப் பின்னால் வெள்ளைப் பனி. கலந்திருக்கவில்லை. பக்கத்துப் பையனின் நிழலோடு எதுவும் கலந்திருக்கவில்லை. இப்போது நன்றாகத் தெரிந்தது.

காரின் கண்ணாடியில் பனி கெட்டியாக இருந்தது. சுரண்டினாள். வண்ணத்துப்பூச்சியளவு இடம் தெளிந்ததும் கிளம்பிவிட்டாள். பதினொன்று இருபது. கிழக்கே வானம் நீலமாகியிருந்தது. தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. பள்ளியைப் போனில் பிடித்தாள்.

"பிள்ளைங்க எல்லாம் மேலதான் இருக்காங்க," என்றாள் அங்கிருந்த பெண். "வில்யா பத்திரமா இருக்கா, அவ ஞானத்தகப்பன் கையைவிடாம பிடிச்சுக்கிட்டு நிக்கிற படத்தை இப்பதான் மேலேருந்து அனுப்பினாங்க. பாக்கவே அழகா இருந்துச்சு. ஏன், என்ன ஆச்சு?"

போனைப் பக்கத்து இருக்கையில் எறிந்துவிட்டு வேகத்தைக் கூட்டினாள்.

மலையடியில் கார்கள் அடைத்துக்கொண்டிருந்தன. நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். ஆஸ்பத்திரிச் செருப்பு. முள் வைத்த பூட்ஸ் இல்லை. இரண்டு முறை விழுந்தாள். பனி முழங்கால் வரை. மூச்சு வெளியே வந்து முகத்திலேயே உறைந்தது. மேலே ஆட்கள். தெர்மாஸ் குடுவைகள், நெருப்பு, காபி வாசனை, சிரிப்பு. எல்லோரும் தெற்கே பார்த்து நின்றார்கள்.

ஸ்டைனார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். தனியாக.

"வில்யா எங்கடா?"

"அதோ, மத்த பிள்ளைங்களோட." தாடியில் கண்ணீர் உறைந்திருந்தது. "நல்லா இருக்கா. சந்தோஷமா இருக்கா."

"உனக்குத் தெரியும். ஒரு வருஷமா உனக்குத் தெரியும். என் வீட்டுல சாப்பிட்ட. அவளுக்குக் கதை படிச்ச. பெரித் கூட உக்காந்து அழுத."

"தெரிஞ்சு என்ன பண்ணியிருப்ப, தூரிட்? எங்க ஒளிச்சு வெச்சிருப்ப? ராத்திரி பகல் அவளைப் பாத்துப் பாத்துச் செத்திருப்ப. அவளும் பயந்தே வளந்திருப்பா. நான் உங்க ரெண்டு பேருக்கும் ஒரு வருஷம் குடுத்தேன்."

"என் வருஷத்தை எனக்குக் குடுக்க நீ யாரு? இன்னைக்கும் என்னைக் கீழே அடைச்சுட்டு நீ வந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அது யாருக்கு?"

அவளுக்கு உடம்பு முழுக்க அவன்மேல் அருவருப்பு ஊறியது. உப்பு, பாசி, பக்கத்து அறை.

யாரோ கத்தினார்கள். அதோ.

மலையிடுக்கில் ஒரு பொட்டு. அப்புறம் ஒரு கீற்று. அப்புறம் சரிவு முழுக்கப் பொன் நிறம். இரண்டு மாதம் கழித்து வெயில் முகத்தில் பட்டது, சூடே இல்லாமல். கூட்டம் கைதட்டியது. பெரியவர்கள் பன்னைக் கடித்தார்கள். பிள்ளைகள் எப்போதும் போலச் சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள், பனியில் கிடக்கும் தங்கள் நிழலைப் பார்க்க. இரண்டு மாதமாகத் தொலைந்திருந்த நிழல். ஒருவர் நிழலை ஒருவர் மிதித்து ஓடும் விளையாட்டு. சரிவெங்கும் நீள நீளக் கறுப்புக் கால்கள் குதித்தன.

நடுவில் வில்யா. சிவப்புக் குல்லா. அளவான சறுக்குக்கட்டைகள்.

அவள் குதிக்கவில்லை. காலடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் எட்டு இந்தப் பக்கம் வைத்தாள். ஓர் எட்டு அந்தப் பக்கம். கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தாயைக் கண்டு, முகமெல்லாம் மலரச் சிரித்தாள்.

"அம்மா! நீயும் வந்துட்டியா! இங்க பாரேன், என்னோடது மட்டும் காணோம்!"

தூரிட் ஓடினாள். விழுந்தாள். முழங்காலில் நகர்ந்தே போய் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். குல்லாவில் கம்பளி வாசனை, பழக்கூழ் வாசனை. கழுத்தில் சூடு. சின்ன இதயம் தடதடவென்று அவள் நெஞ்சில் இடித்தது. உயிரோடு இருக்கிறாள். இதோ இருக்கிறாள். மேலே எங்கோ, மலையின் வயிற்றுக்குள், பனி ஒருமுறை உறுமி அடங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா, இறுக்காத. வலிக்குது."

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மகளின் தோளுக்கு மேலாக, கண்ணை மூட முடியாமல், தூரிட் எதிரே விரிந்த வெள்ளைப் பனியைப் பார்த்தாள். அங்கே மண்டியிட்ட ஒரு பெண்ணின் நிழல் நீளமாகக் கிடந்தது. இரண்டு கைகளையும் வளைத்து, எதையோ இறுகக் கட்டியிருந்தது. கைகளுக்கு நடுவே வெயில் விழுந்திருந்தது.